கந்தலின் வண்ணங்கள்: ஜீஸ் பெண்ட் போர்வைகளை முன்வைத்து

ஒட்டுத்துணிப் போர்வை கலையாக வேண்டுமென்றால் துணியையும் நிறத்தையும் துணிச்சலாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறார்கள். சரி. ஆனால் ‘தேர்வு’ என்பது அவ்வளவு அப்பாவியான சொல் இல்லை. கடை நிறையத் துணி பார்ப்பவர் தேர்வும், வீட்டில் கிழிசல் மட்டுமே இருப்பவர் தேர்வும் ஒண்ணா என்ன?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆற்றின் வளைவுக்குள் ஒடுங்கிய ஊர் ஜீஸ் பெண்ட். பருத்திப் பண்ணை அடிமைகளின் வழிவந்த கறுப்பின மக்களின் ஊர். பெட்வே என்ற பண்ணை முதலாளியின் பெயர்தான் பலருக்கு இன்றும் குடும்பப் பெயர்.

1942இல் மிசூரி பெட்வே, இறந்துபோன கணவனின் வேலை உடுப்புகளைக் கிழித்து ஒரு போர்வை தைத்தார். அவன் நினைவாகப் போர்த்திக்கொள்ள. இப்படியான போர்வைகளின் படங்களை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்த நீலங்களுக்காக. கால்சட்டையின் முழங்கால் வெளுத்திருக்கும்; பையைப் பிரித்தெடுத்தால் அடியில் மங்காத நீலம் சதுரமாகக் கிடக்கும். இந்த ஏற்ற இறக்கம் சாயத்தொட்டியில் கிடைத்ததல்ல, வெயிலும் வயலும் செய்தது. வறுமைதான் இந்தக் கலையைத் தந்தது என்று உருகுகிறவர்கள் உண்டு. வறுமை கந்தலைத்தான் கொடுக்கும். எந்த நீலத்துக்குப் பக்கத்தில் எதை வைப்பது என்று முடிவெடுத்தவள் ஒரு பெண்.

1962இல், வாக்காளராகப் பதிவு செய்ய மக்கள் அக்கரைக்குப் போகத் தொடங்கியதும் படகுப் போக்குவரத்து நின்றது. மறுபடி வர 2006 ஆனது. ஓட்டுரிமை கேட்டதற்காக வீடும் பிழைப்பும் இழந்தவர்கள் அந்த வட்டாரத்தில் பலர். அந்தச் சூழலில்தான் 1966இல் ‘ஃப்ரீடம் குவில்டிங் பீ’ என்ற பெண்கள் கூட்டுறவு பிறந்தது. காசு வந்தது, கூடவே ஒழுங்கும் வந்தது. பெரிய கடைகளுக்கு ஒரே அளவு, ஒரே மாதிரி வேணும். கை போன போக்கில் தைத்தது அங்கே செல்லாது.

1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் தலையணை உறை தைத்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. மிஞ்சிய துண்டுகள் வீடுகளுக்குப் போயின. பொன்மஞ்சள், பழுப்பு, பச்சை, சிவப்பு. கார்டுராய் தடித்த துணி, பொடிப்பொடியாக வெட்டித் தைக்க இணங்காது. ஆகவே கட்டங்கள் பெரிதாயின. அதன் இழை ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும். அதே துண்டைத் திருப்பி வைத்தால் வெளிச்சம் வேறு மாதிரி விழும், ஒரே பச்சை இரண்டு பச்சையாகிவிடும். சதுரத்துக்குள் சதுரமாகச் செல்லும் பழைய ‘வீட்டுக்கூரை’ வடிவம் இதில் புதிதாக எரிந்தது. பின்னால் அருங்காட்சியகச் சுவரேறியவை கேட்டபடி தைத்த உறைகள் அல்ல. மிச்சத்தில் பிறந்த இவையும் பழைய கந்தல் போர்வைகளும்தான்.

2002இல் ஹூஸ்டனிலும் பிறகு நியூயார்க்கின் விட்னியிலும் கண்காட்சி நடந்தது. மத்தீஸைப் போல, க்ளேயைப் போல என்று வியந்தார்கள். யாரை யாரோடு ஒப்பிடுவது என்பதிலேயே மையம் எது, விளிம்பு எது என்று தீர்மானமாகிவிடுகிறது. மத்தீஸ் இவர்களைப் போல இருக்கிறார் என்று ஏன் ஒருத்தரும் சொல்லலை?

விமர்சகர்கள் நிறங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருக்க, 2007இல் அப்பெண்களில் சிலர் தங்களுக்குச் சேரவேண்டிய பணத்தையும் வடிவங்கள் மீதான உரிமையையும் கேட்டு நீதிமன்றம் போனார்கள். வழக்கு 2008இல் சமரசமாக முடிந்தது.