திருப்பதி லட்டும் வீட்டு நாயும்

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் திருமலைக்குச் சென்று மீளுங்கால், லட்டுப் பிரசாதமின்றித் திரும்புவதில்லை. வீடு சேர்ந்ததும் அண்டை அயலார்க்குப் பங்கிடுகிறோம்; வாலாட்டி நிற்கும் நாய்க்கும் ஒரு துண்டு கிள்ளிப் போடுகிறோம். பகிர்ந்துண்ணும் அவ்வழக்கம் போற்றத்தக்கதே. ஆயினும் அத்துண்டு அந்த வாயில்லா உயிருக்குக் கேடாகலாம் என்பது இந்நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று.

பழந்தமிழர் வடவெல்லையாகக் கொண்ட வேங்கட மலையில் 1715ஆம் ஆண்டு முதல் லட்டு வழங்கப்பட்டு வருவதாகக் கூறுவர். 2009இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கடலை மாவு, சர்க்கரை, நெய், முந்திரி, ஏலம், கற்கண்டு ஆகியவற்றோடு உலர்ந்த திராட்சையும் அதில் சேர்கிறது. நமக்குச் சுவையூட்டும் அத்திராட்சையே நாய்க்கு நஞ்சாகிறது.

அமெரிக்காவிலுள்ள விலங்கு நச்சு ஆலோசனை நிலையமொன்றின் மருத்துவர்கள், திராட்சை தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்த செய்தியை 2001இல் வெளியிட்டனர். காரணம் பூச்சிமருந்தோ, பூஞ்சையோ என்று ஆய்வாளர் நெடுங்காலம் ஐயுற்று வந்தனர். பின்னர், குழந்தைகள் விளையாடுவதற்கென வீட்டில் பிசைந்த மாவைத் தின்ற நாயொன்று அதே நோய்க்குறிகளைக் காட்டிற்று. அம்மாவில் டார்ட்டாரிக் அமிலத்தின் உப்பு கலந்திருந்தது. திராட்சையில் இயல்பாக உள்ளதும் அவ்வமிலமே. ஆதலின் அதுவே காரணமாகலாம் என்று அந்நிலையத்தார் 2021இல் எடுத்துரைத்தனர்.

இச்செய்தி நம் அடுக்களைக்கும் உரியது. நாம் நாள்தோறும் கரைக்கும் புளியில் அவ்வமிலம் மிகுதி. புளி தின்ற நாய்களும் அவ்வாறே துன்புற்றமை 2022இல் பதிவாயிற்று. ஆகவே மலைக்கோயிலின் மற்றொரு பிரசாதமான புளியோதரையும் நாய்க்கு ஆகாது.

1911இல் அமைந்த சித்தூர் மாவட்டத்தில் 2022 வரை திருப்பதியும் அடங்கியிருந்தது. சித்தூர்ச் சீமைக்குப் பெயர் தந்த கிளிமூக்கு மாம்பழத்தின் சதையைச் சிறிது கொடுக்கலாம். கொட்டையை விழுங்கினால் குடல் அடைபடும். வெங்காயமும் பூண்டும் குருதியின் சிவப்பணுக்களைச் சிதைப்பன. உப்பும் காரமும் சேராத வெறுஞ்சோறு தீங்கற்றது.

எத்தனை திராட்சை வரை தீங்கில்லை என்று வரையறுக்க இயலவில்லை. ஒரு நாய் தப்பும். மற்றொன்று சிறிதளவிலேயே நோயுறும். தின்றது தெரிந்தால், வாந்தி காணும் வரை காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். திருப்பதியிலேயே 1955இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியது. 2005இல் கால்நடைப் பல்கலைக்கழகமும் அமைந்தது. லட்டு பிறந்த ஊரே விலங்கின் பிணி தீர்க்கும் கல்வியையும் வளர்த்து வருகிறது.

அடுத்த முறை பிரசாதம் பங்கிடும்போது, நாயின் பங்கை ஒரு பிடி வெறுஞ்சோறாக இடுவோம். பகிர்ந்துண்ணும் அறம் அதனால் குறைவதில்லை.