84 நாளும் 144 பெட்டியும்

ஏழாயிரம்பண்ணை என்றதும் வரலாற்று ஆர்வலர்க்குப் பழைய பாளையம் நினைவுக்கு வரும். நமக்கு நினைவுக்கு வருவது, அப்பகுதிப் பெண்கள் தம் வேலையிடத்துக்கு வைத்திருக்கும் பெயர்: ‘ஆபீஸ்’. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். மேசை நாற்காலியற்ற இந்த ஆபீசில் கூலி பெரும்பாலும் நாளுக்கன்று, உருப்படிக்கு. எத்தனை சட்டங்களில் குச்சி அடுக்கினாய், எத்தனை குரோஸ் பெட்டி ஒட்டினாய், எத்தனை சரம் பின்னினாய்? (குரோஸ் என்பது 144.) கருவுற்றவளை இங்கே நீக்க வேண்டிய தேவையே அதிகம் எழுவதில்லை. வயிறு தடுக்க, குனிந்து அடுக்குவது குறைகிறது, கூலி குறைகிறது, ஒரு நாள் அவளே வராமல் போகிறாள். நீக்கியவர் என்று எவரையும் சுட்ட முடியாது.

வியப்பு என்னவென்றால், தீப்பெட்டித் தொழிலும் பேறுகாலச் சட்டமும் நம் நாட்டில் ஏறத்தாழ ஒரே காலத்துப் பிள்ளைகள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுச் சிவகாசிக்குத் திரும்பியது 1923இல். மறு ஆண்டு என்.எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் கொணர்ந்த பேறுகால மசோதா தோற்றது. பம்பாய் மாகாணம் 1929இலும் சென்னை மாகாணம் 1934இலும் தத்தம் சட்டங்களை இயற்றின. நாடு முழுமைக்குமான சட்டம் 1961இல்தான் வந்தது. அது தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றைக் கருதி எழுதப்பட்டது. மின்விசை இல்லாத இடமாயின் இருபது பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை. கைவேலையே பெரிதாயிருந்த ஒரு தொழிலுக்கு இந்த எண்ணிக்கை எத்தகைய சாளரம் என்பதை வாசகர் ஊகிக்கலாம்.

சட்டம் எட்டிய இடத்திலும் கணக்கு ஓயவில்லை. ஆனைமலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பெண் தொழிலாளி 1967 இறுதியில் பேறுகால விடுப்பில் சென்றார். பன்னிரண்டு வாரத்துக்கு நிர்வாகம் கொடுத்தது 72 நாள் கூலி. ஞாயிற்றுக்கிழமை கூலியில்லா நாள் என்பது அதன் வாதம். அவர் கேட்டது 84. கோவைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு உச்சநீதிமன்றத்தில் 1977 அக்டோபரில் முடிந்தது: வாரம் என்றால் ஏழு நாள், ஞாயிறும் சேர்த்துத்தான். பன்னிரண்டு ஞாயிறுகளுக்குப் பத்தாண்டு! அந்தக் குழந்தை அதற்குள் நான்காம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படித்திருக்கும்.

எனினும் அவரிடம் ஒன்று இருந்தது: தோட்டத்துப் பதிவேட்டில் பெயர். 1981இல் ஏர் இந்தியா பணிப்பெண்கள் வழக்கிலும் அப்படியே. முதற்கருவோடு பணி முடியும் என்ற விதி எழுத்தில் இருந்தது. ஆகவே நீதிமன்றத்தால் அதை நீக்க முடிந்தது. 2000இல் டெல்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்களுக்கும் பேறுகாலப் பயன் உண்டென்று தீர்ப்பானபோது, மஸ்டர் ரோல் என்ற நாள்வருகைப் பட்டியலாவது கையில் இருந்தது. கரிசல் மண்ணில் எழுதப்படாத விதியை எந்த நீதிமன்றம் நீக்குவது?

ஏழாயிரம்பண்ணையை அடுத்த அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது ‘உள்குத்தகை’ என்ற சொல் செய்தித்தாள்களில் திரும்பத் திரும்ப வந்தது. உரிமம் ஒருவர் பெயரில், வேலை வாங்குவோர் வேறு சிலர். உயிர்போன கணக்கிலேயே முதலாளி யாரென்று தேட வேண்டியிருக்கும்போது, பேறுகாலக் கூலியைக் கேட்க அவள் எந்த வாசலில் நிற்பாள்?

விடுப்பு 2017இல் முதல் இரு பேறுகளுக்கு 26 வாரமாயிற்று. 2025 நவம்பர் 21 முதல் அந்த உரிமை சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. அதைப் பெற முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். அதிகமில்லைதான். ஆனால் குரோஸ்களை மட்டும் குறித்த நோட்டிலிருந்து நாட்களை எடுப்பது எப்படி?

தீப்பெட்டி ஆலைச் சிறார்களைப் பூமணியின் ‘கருவேலம்பூக்கள்’ திரைப்படம் நமக்குக் காட்டியது. அவர்களைச் சுமந்திருந்த மாதங்களில் அத்தாய்மார் என்ன செய்தார்கள் என்பது தனிக்கதை. ஆபீசை விட்டவள் வேலையை விடுவதில்லை. அட்டையும் பசையும் வீட்டுக்கு வருகின்றன. திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து பெட்டி ஒட்டுகிறாள். தொட்டிலை ஒரு காலால் ஆட்டியபடி மறுபடி ஒட்டுகிறாள். கூலி குரோஸுக்கு, திண்ணை தொழிற்சாலை ஆகாது.