காலர் கழன்ற கதை

தெருமுனையில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் தையல்காரரிடம் முன்பெல்லாம் அடிக்கடி ஒரு வேலை வரும். "காலரைத் திருப்பி வச்சுக் குடுங்கண்ணே" என்று சட்டையை நீட்டுவார்கள். சட்டை நன்றாகத்தான் இருக்கும். முதுகு கிழிந்திருக்காது, பட்டன்கூட ஒன்றும் குறையாது. கழுத்தில் உரசும் மடிப்பு மட்டும் நைந்து நூல் நூலாகப் பிரிந்திருக்கும். தையல்காரர் பிளேடால் காலரைப் பிரித்தெடுத்து, நையாத பக்கம் மேலே வரும்படி திருப்பி வைத்துத் தைப்பார். சட்டைக்கு இன்னும் ஒரு வருஷம் ஆயுசு கூடிவிடும்.

நைவதற்கு முன்பே காலரைப் பிடிக்கிற சனியன் அழுக்கு. தலை எண்ணெயும் கழுத்து வியர்வையும் சேர்ந்து அந்த மடிப்பில் ஒரு கறுப்புக் கோட்டை இழுத்துவிடும். அதற்குப் பயந்துதான் பஸ் கண்டக்டர்கள் காலருக்குள் கைக்குட்டையை மடித்துச் செருகிக்கொள்கிறார்கள்.

இதே தொல்லைக்கு, கைக்குட்டையைவிடத் துணிச்சலான ஒரு வழியை 1827இல் ஓர் அமெரிக்கப் பெண் கண்டுபிடித்தார். கத்தரிக்கோலை எடுத்துக் காலரையே வெட்டிவிட்டார்.

அவர் பெயர் ஹன்னா லார்ட் மாண்டேகு. ஊர், நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கும் ட்ராய். அவருடைய கணவர் ஆர்லாண்டோவுக்கு எப்போதும் சலவைச் சட்டைதான் வேண்டும். சட்டையைப் பார்த்தால் காலரில் மட்டும்தான் அழுக்கு. அந்தக் கைப்பிடித் துணிக்காக முழுச் சட்டையையும் துவைத்து அலுத்துப்போன ஹன்னா, காலரை வெட்டியெடுத்து, அதை மட்டும் துவைத்துக் கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து, மறுபடி சட்டையோடு சேர்த்துத் தைத்தார் என்பது ட்ராய் நகரம் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. கழுத்துக்கெனத் தனியாக அணியும் துணி அதற்கு முன்பே உலகில் உண்டு. ஐரோப்பியப் பிரபுக்கள் பதினாறாம் நூற்றாண்டிலேயே விசிறி மடிப்பு வைத்த கழுத்துப் பட்டைகளைத் தனியாகத்தான் மாட்டிக்கொண்டார்கள். ஆனால் அது ஆடம்பரம். துவைக்கிற வேலையைக் குறைக்கச் சாதாரண வீட்டில் பிறந்த காலர் ஹன்னாவுடையது.

அந்த அலுப்பைப் புரிந்துகொள்ள அன்றைய துணி துவைப்பைப் பார்க்க வேண்டும். குழாயைத் திருகினால் தண்ணீர் வராது. வாளி வாளியாகச் சுமந்து வந்து, விறகடுப்பில் காய்ச்சி, சோப்புக் குழம்பில் துணியை வேகவைத்து, மரப்பலகையில் தேய்த்து, அலசி, நீலம் போட்டுப் பிழிய வேண்டும். ஒரு வாரத் துணிக்கு ஒரு நாள் முழுக்க ஓடிவிடும். இஸ்திரி போட இன்னொரு நாள். அடுப்பின் மேல் இரும்பை வைத்து, சூடு ஆறுவதற்குள் தேய்த்து, மறுபடி அடுப்புக்கு ஓட வேண்டும். பனி கொட்டும் ஊரில் ஈரச் சட்டை கொடியிலேயே விறைத்துப்போகும். ஆண்கள் சட்டையோ அப்போது நீளமானது, தொடைவரை தொங்குவது. மேலே வெயிஸ்ட்கோட், அதற்கும் மேலே கோட்டு. ஊர் கண்ணுக்குத் தெரிவது கழுத்தும் மணிக்கட்டும் மட்டும். தெரிகிற இடம் வெள்ளையாக இருந்தால் போதும் என்று ஹன்னா போட்ட கணக்கில் பிழையே இல்லை.

கணக்கு அக்கம்பக்கத்துக்கும் பிடித்துப்போனது. எபனேசர் பிரவுன் என்ற ஓய்வுபெற்ற மெதடிஸ்ட் போதகர் ட்ராயில் ஒரு கடை வைத்திருந்தார். 1829 வாக்கில் அவர் காலர்களைத் தனியாகத் தைத்து விற்கத் தொடங்கினார். உள்ளூர்ப் பெண்கள் வீட்டிலிருந்தே தைத்துக் கொடுத்தார்கள். கூலிக்குப் பணமில்லை, அவர் கடைச் சாமான்தான். கழுத்தைச் சுற்றி நாடாவால் கட்டிக்கொள்ளும் காலர் அது. 1834இல் ஆர்லாண்டோ மாண்டேகும் ஆஸ்டின் கிரேஞ்சர் என்பவரும் கூட்டாக ஒரு தொழிற்கூடமே திறந்தார்கள். நிறுவனத்தின் பெயர் மாண்டேகு அண்ட் கிரேஞ்சர். அதில் இருக்கும் மாண்டேகு கணவர்தான். காலரை வெட்டிய கை யாருடையது என்பது பெயர்ப்பலகையில் இல்லை.

பிறகு நாடா போய்க் குமிழ் வந்தது. சட்டைக் கழுத்தில் முன்னால் ஒரு துளை, பின்னால் ஒரு துளை. இரண்டிலும் எலும்பிலோ பித்தளையிலோ செய்த சிறு குமிழ்களைச் செருகி அவற்றில் காலரை மாட்ட வேண்டும். முதலில் பிடரிக் குமிழ். பிறகு கஞ்சியில் அட்டைபோல விறைத்த காலரின் இரு முனைகளையும் கண்ணாடி பார்த்துக்கொண்டே தொண்டைக்குக் கீழே இழுத்துச் சேர்த்து முன்குமிழில் கோர்க்க வேண்டும். விரல் வழுக்கினால் குமிழ் துள்ளி ஓடி அலமாரிக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். மனைவியின் துவைப்பு வேலை குறைந்ததற்கு ஈடாக, கோட்டு போடுகிற ஆண்கள் காலை நேரத்தில் தரையில் தவழ வேண்டியதாயிற்று. அது நியாயமான பங்கீடு என்றே தோன்றுகிறது.

காலரின் உயரமும் விறைப்பும் ஏறிக்கொண்டே போயின. ஜெர்மானியர்கள் அந்த உயரக் காலருக்கு 'அப்பனைக் கொல்லி' என்று பொருள்படும் பெயரே வைத்துவிட்டார்கள். 1850களில் தையல் மெஷின் வந்ததும் உற்பத்தி பெருகியது. கடைச் சிப்பந்திக்கும் கணக்குப்பிள்ளைக்கும் இது வரப்பிரசாதம். இரண்டே சட்டையும் ஒரு டஜன் காலரும் இருந்தால் தினமும் சலவை மடிப்போடு ஆபீஸ் போகலாம். கையில் கரி படாத உத்தியோகத்துக்கு வெள்ளைக் காலர் வேலை என்ற பெயர் இந்தக் கூட்டத்தால் வந்ததுதான்.

காலர் கடைக்குப் போவதற்கு முன் ஒருமுறை சலவைக்குப் போக வேண்டும். தைத்து வந்த புதுக் காலரை வெளுத்து, கஞ்சி போட்டு, பளபளக்க இஸ்திரி செய்தால்தான் பெட்டியில் அடுக்க முடியும். அதற்காகவே ட்ராயில் சலவைக்கூடங்கள் முளைத்தன. ஹன்னா தன் வீட்டிலிருந்து விரட்டிய துவைப்பு, ஊர்க்கோடியில் ஆயிரம் மடங்காகப் போய்க் குவிந்தது. அங்கே நின்றவர்களும் பெண்கள்தான், பெரும்பாலும் அயர்லாந்துப் பஞ்சத்தில் தப்பி வந்த குடும்பங்களின் பெண்கள். நாளுக்கு 12 முதல் 14 மணி நேர வேலை, வாரக் கூலி மூன்று நான்கு டாலர். கொதிக்கும் சோப்புத் தண்ணீர், வெளுக்கும் ரசாயனம், கந்தக அமிலக் கரைசல், கொதிகஞ்சி, கனல் அடிக்கும் இஸ்திரி அடுப்பு. கஞ்சி போடும் புது மெஷின்கள் வந்ததும் கை வெந்துபோவது சாதாரணமாயிற்று. ஒரு காலர் தீய்ந்தால் அதற்கும் கூலியில் பிடித்தம்.

அந்தக் கூடங்களில் ஒன்றில் வேலை செய்தவர் கேட் முலானி. அயர்லாந்தில் பிறந்து, தந்தை இறந்தபின் குடும்பத்தைத் தாங்கியவர். 1864 பிப்ரவரியில், தன் பத்தொன்பதாவது வயதில், எஸ்தர் கீகன் முதலானவர்களோடு சேர்ந்து காலர் சலவைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். சுமார் 300 பெண்கள், 14 சலவைக்கூடங்கள். எல்லாவற்றிலும் ஒரே நாளில் வேலைநிறுத்தம். ஒரு வாரம்கூட முதலாளிகள் தாங்கவில்லை. ஏறத்தாழ கால் பங்கு கூலி உயர்வைக் கொடுத்து அடுப்பைப் பற்றவைத்தார்கள். அமெரிக்காவில் பெண்கள் நடத்திய சங்கங்களில், ஒரு வேலைநிறுத்தத்தோடு கலைந்துவிடாமல் ஆண்டுக்கணக்கில் நிலைத்த முதல் சங்கம் இதுதான் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். சங்கத்தின் கை ஓங்கிய காலத்தில், 1866இல், வேலைநிறுத்தத்தில் இருந்த இரும்பு வார்ப்புத் தொழிலாளர்களுக்கு இந்தச் சலவைப் பெண்கள் 1,000 டாலர் கொடுத்தார்கள். ட்ராயில் ஆண்களுக்கு இரும்பு, பெண்களுக்குக் காலர் என்று பிழைப்பு பிரிந்திருந்த காலம். பல வீடுகளில் அந்தப் பணம் மனைவி கையிலிருந்து கணவன் கைக்குப் போயிருக்கும்.

1869இல் சலவைப் பெண்கள் மறுபடி வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது முதலாளிகள் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் கையில் புதிதாக ஓர் ஆயுதமும் இருந்தது: காகிதக் காலர். அதற்கு 1854இல் காப்புரிமை வாங்கியவர் வால்டர் ஹன்ட். சேலை முந்தானைக்குப் பெண்கள் குத்தும் ஊக்கு இருக்கிறதே, 1849இல் அதற்குக் காப்புரிமை வாங்கியவரும் அவர்தான். காகிதக் காலரை ஒரு நாள் போட்டுவிட்டுத் தூக்கி எறியலாம். துவைக்க வேண்டாம், கஞ்சி வேண்டாம், சலவைப் பெண்களும் வேண்டாம். வேலைநிறுத்தம் தோற்றது. அடுத்த ஆண்டே சங்கம் கலைந்தது. பின்னால் செல்லுலாய்டு காலரும் வந்தது. ஈரத்துணியால் துடைத்தால் போதும், ஆனால் நெருப்பருகே போனால் பற்றிக்கொள்ளும்.

ஆனாலும் துணிக் காலர் தோற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கழுத்துகளில் பத்துக்கு ஒன்பது ட்ராய்க் காலரே என்றார்கள். அங்கிருந்த பெரிய நிறுவனம் க்ளூயட் பீபடி. அதன் ஆரோ காலருக்காக ஜே.சி. லேயன்டெக்கர் என்ற ஓவியர் 1905 முதல் விளம்பரப் படங்கள் வரைந்தார். செதுக்கிய தாடை, அலட்சியப் பார்வை, கழுத்தில் வெண்ணெய் நிறக் காலர். படத்தில் மட்டுமே இருந்த அந்த ஆணுக்குக் காதல் கடிதங்கள் வந்து குவிந்தன. 1923இல் ஒரு காலர் தொழிற்சாலையை வைத்து பிராட்வேயில் ஓர் இசை நாடகமே நடந்தது. அதன் பெயர் 'ஹெலன் ஆஃப் ட்ராய், நியூயார்க்'.

அதற்குள்ளேயே காலருக்குக் காலன் வந்துவிட்டான். முதல் உலகப் போரில் மென்மையான காலரோடு சேர்த்துத் தைத்த சட்டை போட்டுப் பழகிய சிப்பாய்கள், ஊர் திரும்பியதும் விறைப்புக் காலருக்குள் கழுத்தை நுழைக்க மறுத்தார்கள். ஒட்டிய காலரில் ஒரே ஒரு குறை: துவைத்தால் சுருங்கிக் கழுத்தைப் பிடிக்கும். அதையும் அதே க்ளூயட் குடும்பத்து சான்ஃபர்ட் க்ளூயட் தீர்த்தார். துணியை ஆலையிலேயே முன்கூட்டிச் சுருக்கிவிடும் முறை அது, 1930 வாக்கில் நடைமுறைக்கு வந்தது. பழைய மில் துணிகளின் ஓரத்தில் 'சான்ஃபரைஸ்டு' என்று அச்சடித்திருந்ததைப் பார்த்தவர்களுக்கு அது அவர் பெயர் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. வெட்டிய காலரை அதே ஊரே திரும்ப ஒட்டிவைத்தது.

ட்ராயில் இன்று ஹட்சனைக் கடக்கும் ஒரு பாலத்துக்குக் காலர் நகரப் பாலம் என்று பெயர். எட்டாம் தெருவில் கேட் முலானி வாழ்ந்த செங்கல் வீடு 1998 முதல் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னம்.

ஹன்னாவின் கணக்கு சென்னையில் இன்னும் செல்லுபடியாகிறது. வழக்கறிஞர்களுக்கு வெள்ளைக் காலரும் கழுத்துப் பட்டையும் கட்டாயம் என்கிறது இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் உடை விதி. உயர் நீதிமன்றத்துக்குள் நுழையும் முன் பையிலிருந்து எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார்களே, அது சட்டையோடு சேராத தனிக் காலர். மாலையில் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனால் தனியாகத் துவைத்துக்கொள்ளலாம்.