ஆயிரங்கண் பானையும் ஒரு பழைய மோட்டாரும்

தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில், முல்லையாற்றங்கரையில் இருக்கிறது வீரபாண்டி. கண்பார்வையை இழந்த பாண்டிய மன்னன் ஒருவன் இங்கே கௌமாரியம்மனையும் கண்ணீசுவரமுடையாரையும் வேண்டிப் பார்வை திரும்பப் பெற்றான் என்பது தலபுராணம். அந்த அரசன் பெயரே ஊருக்கும் பெயராயிற்றாம். சித்திரைத் திருவிழாவில் பக்தர்கள் அக்கினிச்சட்டி எடுப்பதோடு ஆயிரங்கண் பானையும் சுமந்து வருவார்கள். உடம்பெல்லாம் துளையிட்ட மண்பானை அது. ஆயிரம் துளை இருக்கிறதா என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எந்தப் பக்கம் நின்றாலும் ஒரு கண் நம்மைப் பார்க்கிறது, அது போதும்.

கண்ணுக்குப் பெயர்போன இந்த ஊரில்தான் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அவரிடம் ஒரு பழைய அம்பாஸிடர் கார் இருக்கிறது. பெட்ரோல் வண்டி. வயது நாற்பதை நெருங்குகிறது. கல்கத்தாவுக்கு அருகில் உத்தரபாராவில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை 2014-ஆம் ஆண்டு அம்பாஸிடர் செய்வதை நிறுத்திவிட்டது. ஆகவே, இன்று ஓடும் எந்த அம்பாஸிடரும் பத்து வயதைத் தாண்டியதுதான். புதிதாக உதிரிபாகம் வராத வண்டிக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. முழு வண்டிக்கு மதிப்பில்லாமல் போனாலும், அதன் எலும்புகளுக்கு மதிப்புக் கூடிவிடுகிறது.

திருவிழா எட்டு நாளும் ஊர் நிரம்பி வழியும். தென்னந்தோப்பு, களம், பள்ளிக்கூடத்துத் திடல், எங்கே பார்த்தாலும் வண்டிகள். நண்பருடைய வீட்டில் ஷெட் கிடையாது; கார் தெருவில்தான் நிற்கும். "பென்ஷன் பணத்தில் இதை எப்படி ஐயா காப்பாற்றுவது? வண்டி விலையைவிடக் காவல் செலவு அதிகமாகிவிடும் போலிருக்கிறதே!" என்று கேட்டார். கதை எழுதுகிறவனிடம் யோசனை கேட்டால் சரித்திரம்தான் கிடைக்கும். ஆனால் இந்த விஷயத்தில் சரித்திரம் வீண்போகவில்லை என்றே நினைக்கிறேன்.

மோட்டார் வருவதற்கு முன்னால் இந்தப் பள்ளத்தாக்கில் களவு போகத் தகுந்த வாகனம் வண்டிமாடு. ஒரு ஜோடிக் காளை போனால் ஒரு சம்சாரியின் உழவும் போயிற்று, பாரமும் போயிற்று, அடுத்த போகமும் போயிற்று. பூட்டுப் போட்டுக் காக்கக்கூடிய பொருளும் அல்ல அது. ஆகவே மதுரைச் சீமை முழுவதும் காவல் என்ற ஏற்பாடு இருந்தது. சோழர், பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகளிலேயே பாடிகாவல் என்ற வரியைக் காண்கிறோம். பிற்காலத்தில் மதுரைக்கு மேற்கே பல ஊர்களில் இந்தக் காவல் உரிமை பெரும்பாலும் பிறமலைக் கள்ளர் சமூகத்தாரிடம் இருந்தது. ஊரார் தானியமாகவோ பணமாகவோ காவல்கூலி கொடுப்பார்கள். மாடு களவுபோனால் காவல்காரர் அதைக் கண்டுபிடித்துத் தரவேண்டும். முடியாவிட்டால் நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டும். இன்றைய இன்ஷூரன்ஸ் கம்பெனியும் போலீஸ் ஸ்டேஷனும் ஒரே ஆளிடம் இருந்தன என்று வைத்துக் கொள்ளுங்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு வளைவு இருந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. காவல்கூலி கொடுக்காத ஊரில் மாடு காணாமல் போகும். அப்புறம் நடுவில் ஒருவர் வந்து பேசுவார். மாட்டின் விலையில் பாதியளவு துப்புக்கூலி என்று கைமாறும். மறுநாள் காலையில் ஏதாவது ஒரு தனியான இடத்தில் காளைகள் கட்டிக் கிடக்கும். யார் கட்டினார்கள் என்று கேட்பது மரியாதையல்ல! 1906-ல் மதுரை ஜில்லா கெஜட்டியரை எழுதிய பிரான்சிஸ் துரை இந்தத் துப்புக்கூலியை விவரமாகவே எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் குற்றம் மட்டும்தான் தெரிந்தது. அதே ஏற்பாட்டில் பல தலைமுறைகளாக நாணயமாகக் காவல் காத்து, களவுபோனதற்குத் தன் கையிலிருந்து பணம் கொடுத்த காவல்காரரும் இருந்தார்கள். துரைத்தனத்தார் அந்தக் கணக்கை எழுதிவைக்கவில்லை.

கும்பினி ஆட்சி காலூன்றியதும் காவல் உரிமைகளை ஒழிக்க முனைந்தது. 1859-ல் சென்னை ராஜதானிக்குப் புதிய போலீஸ் சட்டம் வந்தது. சட்டம் வந்ததே தவிர, நடுராத்திரியில் தொழுவத்தருகில் நிற்க ஆள் வரவில்லை. ஆகவே ஊர்களில் பழைய காவலே நடந்தது. பிறகு 1896-ல் திண்டுக்கல் பக்கத்தில் ஒரு கிளர்ச்சி மூண்டது. ஊர்ச் சம்சாரிகள் கூடிப் பொதுப் பண்டு ஒன்று சேர்த்தார்கள். களவுபோன மாட்டுக்கு அந்தப் பண்டிலிருந்து ஈடு. காவலுக்கு வேறு ஆட்கள். கள்ளர் காவல் இனி வேண்டாம் என்று தீர்மானம். கேட்பதற்கு எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது! ஆனால் அது பக்கத்துத் தாலுகாக்களுக்குப் பரவியபோது வீடுகள் எரிந்தன. காவல்காரர் குடும்பங்கள் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டன. பிழைப்பை இழந்து துரத்தப்பட்டவர்கள் எங்கே போய் எதைத் தின்பார்கள் என்பதைப் பண்டுக்காரர் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அப்புறம் சர்க்கார் யோசித்தது. அந்த யோசனைதான் எல்லாவற்றையும்விட மோசம். 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தை அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பிறமலைக் கள்ளர்மேல் சுமத்தினார்கள். திருடியவன், திருடாதவன் என்ற பேதமில்லை. அந்தச் சமூகத்தில் பிறந்த ஆண்மகன் என்றால் கைரேகை கொடுக்க வேண்டும். ராத்திரியில் போய் ஆஜராக வேண்டும். வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். ஜனங்கள் இதற்கு ரேகைச் சட்டம் என்று பெயர் வைத்தார்கள். 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் தேதி, உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில், கைரேகை கொடுக்க மறுத்த ஜனங்கள்மேல் போலீஸ் சுட்டது. மாண்டவர்களில் மாயக்காள் என்ற பெண்மணியும் ஒருவர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-ல்தான் ரத்தாயிற்று. நாடு முழுவதும் அது போக 1952 ஆகிவிட்டது. மாட்டைக் காப்பதற்கு மனிதர்களைப் பட்டியில் அடைத்தார்களே, இதைவிடச் செலவான காவல் உலகத்தில் உண்டா?

நண்பருடைய கார் தெருவில் நிற்க, நான் எங்கோ போய்விட்டேன் என்று நினைக்காதீர்கள். துப்புக்கூலிக் கதையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காவல் திருட்டை அழிப்பதில்லை. பெரும்பாலும் இடம் மாற்றத்தான் செய்கிறது. காவல் உள்ள ஊரை விட்டுக் காவல் இல்லாத ஊருக்குக் களவு போயிற்று. அறுபது, எழுபது வருஷத்துக்குப் பின் மோட்டார் விஷயத்திலும் அச்சாக அதுவே நடந்திருக்கிறது.

ஸ்டீயரிங்கைத் திருப்ப முடியாமல் பூட்டும் பூட்டு வந்தபோது, மேற்கு ஜெர்மனியில் 1960-களின் தொடக்கத்தில் அதைப் புதுக் கார், பழைய கார் எல்லாவற்றுக்கும் கட்டாயமாக்கினார்கள். அங்கே கார்த்திருட்டு குறைந்தது. இங்கிலாந்திலோ 1971-ல் புதிய கார்களுக்கு மட்டும் பூட்டு வந்தது. 1969-ல் லண்டனில் களவுபோன கார்களில் சுமார் ஐந்தில் ஒன்று புதுக் கார். 1973-ல் அது சுமார் இருபதில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. திருடர்கள் மனந்திருந்திவிட்டார்களா? இல்லை, பழைய கார் பக்கம் திரும்பிவிட்டார்கள். புதுக் கார் வாங்கத் திராணி உள்ளவனுக்குக் காவல் காரோடு சேர்ந்தே வந்தது. திராணி இல்லாதவன் தன்னுடைய பங்குத் திருட்டோடு பணக்காரன் பங்கையும் சேர்த்துச் சுமந்தான். பின்னாளில் சாவிக்குள்ளேயே மின்னணுச் சில்லை வைத்து, சரியான சாவி இல்லாமல் எஞ்சின் கிளம்பாதபடி செய்தார்கள். அப்போதும் இதே கதைதான். தெருவில் பத்து வண்டி நின்றால், நண்பருடைய அம்பாஸிடர்தான் காவல்கூலி கொடுக்காத ஊர்.

இதைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. ஆனால் இதில் ஆறுதலும் இருக்கிறது. திருட முடியாத காராக அதை ஆக்க வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்பதைவிடக் கொஞ்சம் அதிகத் தொந்தரவு தரும் காராக ஆக்கினால் போதும். தொந்தரவுக்குப் பணம் அவ்வளவு வேண்டாம்.

காசே செலவில்லாத உபாயத்தை யுத்தம் கற்றுக் கொடுத்தது. 1940-ல் ஜெர்மன் படை எந்த நிமிஷமும் வந்து இறங்கலாம் என்று இங்கிலாந்து நடுங்கிக்கொண்டிருந்தது. ஆளில்லாமல் நிறுத்தும் காரை எதிரி ஓட்டிப் போகமுடியாதபடி செய்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று அப்போது உத்தரவு போட்டார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் ரோட்டரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள் ஜனங்கள். கட்டைவிரல் அளவுச் சாமான். அது இல்லாமல் பொறி பறக்காது, எஞ்சின் கிளம்பாது. அம்பாஸிடர் பெட்ரோல் எஞ்சினுக்கும் இதே வித்தை பலிக்கும். டீசல் எஞ்சின் மாற்றிய வண்டிக்குப் பலிக்காது; அதில் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது. அதற்கு பாட்டரி ஒயரில் ஒரு கட்-ஆப் சுவிட்சைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைக்கலாம். வண்டியைத் தள்ளிக் கிளப்பத் தெரிந்தவனை அது தடுக்காது என்றாலும், ஐந்து நிமிஷமாவது திணற வைக்கும்.

வீரபாண்டி மெக்கானிக் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். "சார், ரோட்டரைக் கழட்டுறது சரிதான். கழட்டுனதை எங்க வச்சோம்னு மறந்துட்டு எங்கிட்டத்தான வந்து நிப்பாக!" என்றார். வாத்தியாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இப்போது அது வீட்டில் விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அடுத்தது பூட்டு. இதற்கு அலைய வேண்டியதில்லை. திண்டுக்கல் பக்கத்தில்தானே இருக்கிறது! ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அங்கே கையால் பூட்டுச் செய்கிறார்கள். மாங்காய்ப் பூட்டு, மணிப்பூட்டு என்று எத்தனையோ வகை. கையால் அராவிச் செய்வதால் ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேராது என்பதுதான் அந்தத் தொழிலாளியின் பெருமை. அலிகாரிலிருந்து யந்திரப் பூட்டுகள் மலிவாக வந்து குவிந்தபின் திண்டுக்கல் பட்டறைகள் மெலிந்துவிட்டன. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். பட்டம் கிடைத்த வித்துவானுக்குக் கச்சேரி குறைந்த கதைதான். நண்பர் ஸ்டீயரிங்குக்கும் பிரேக் மிதிக்கும் குறுக்கே ஒரு கனத்த சங்கிலியைக் கோத்து, அதில் ஒரு திண்டுக்கல் பூட்டைத் தொங்கவிட்டிருக்கிறார். கண்ணாடி வழியாகப் பார்த்தால் சைக்கிள் கடைச் சாமான் மாதிரி இருக்கிறது. பார்க்க அசிங்கம்தான், ஆனால் அது திருடன் பார்ப்பதற்காகவே வைத்தது. ஒளித்து வைக்க வேண்டியது சுவிட்சு. காட்டி வைக்க வேண்டியது பூட்டு.

மூன்றாவதை அவராகவே மாட்டுச் சந்தையிலிருந்து பிடித்துக்கொண்டார். காளையைச் சுழி பார்த்து அடையாளம் சொல்வார்கள். கொம்பைச் சீவலாம், சாயம்கூடப் பூசலாம். சுழியை மாற்ற முடியாது. காருக்குச் சுழி, சேஸிஸ் எண். ஆனால் அதை அராவிவிட்டு வேறு எண் அடிக்கிற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். ஆகவே முன் கண்ணாடி, பின் கண்ணாடி, கதவுக் கண்ணாடி எல்லாவற்றிலும் தம் பதிவெண்ணைச் சின்னதாகப் பொறிக்கச் செய்தார். விற்க வேண்டுமானால் இனி அத்தனை கண்ணாடியையும் மாற்றவேண்டும். அந்தச் செலவுக்குத் திருடனே சம்மதிக்கமாட்டான்.

இன்ஷூரன்ஸையும் விசாரித்தோம். சட்டம் கட்டாயப்படுத்தும் மூன்றாம் நபர் பாலிசியில் களவுக்கு ஈடு கிடையாது. களவையும் சேர்த்த பாலிசி வேண்டுமானால், ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு மதிப்பு இருதரப்பும் பேசித் தீர்மானிப்பதுதான். 2002-ஆம் வருஷத்து மோட்டார் கட்டண விதியில் ஒரு சலுகை இருந்தது: அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவி பொருத்தினால், வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் நூற்றுக்கு இரண்டரை தள்ளுபடி, அதிகபட்சம் 500 ரூபாய். அங்கீகாரம் பெற்ற கருவிக்கு ஆகும் விலையையும் இந்தத் தள்ளுபடியையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார் நண்பர். கணக்கு வாத்தியாராக இருந்தவர். தாளை மடித்து வைத்துவிட்டார்.

இவ்வளவுக்குப் பிறகும் ராத்திரி விழித்திருக்கும் கண் ஒன்று வேண்டுமே! தெருமுனை டீக்கடைக்காரர் காலை மூன்று மணிக்கே பாய்லர் பற்ற வைக்கிறவர். காரைக் கடை விளக்கின் வெளிச்சம் விழுகிற இடத்தில் நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டார் நண்பர். "நிப்பாட்டுங்க வாத்தியாரய்யா, எம் பயலுக்கு நீங்கதான கணக்குச் சொல்லிக் குடுத்தீக" என்றார் அவர். இவருடைய பாட்டனார் பெருங்காமநல்லூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடிப் பள்ளத்தாக்குக்கு வந்தவர். பல வருஷம் ராத்திரிதோறும் ஸ்டேஷனில் கைநாட்டு வைத்தவர். பேரனுடைய மகன் படித்தது, அந்தக் காலத்தில் ஏற்பட்டு இன்றும் நடக்கிற கள்ளர் சீரமைப்புப் பள்ளி ஒன்றில். அங்கேதான் என் நண்பர் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். திருவிழா எட்டு நாளும் கார் அந்த விளக்கடியில்தான் நின்றது. காவல்கூலியாக என்ன கொடுப்பது என்று நண்பர் தயங்கிக்கொண்டிருக்கையில், கடைக்காரரே ஒரு வழி சொன்னார். கடைசி நாள் கூட்டத்துக்குப் பால் பற்றாது. காலையில் தேனிக்குப் போய் நாலு கேன் பால் ஏற்றி வர வண்டி வேண்டும்.

விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்திலிருந்து ரோட்டர் வந்தது. இரண்டாவது இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.