கல்மதிலை உரசும் வேகம்

பந்தயம் தொடங்க அரை மணி நேரம் இருந்தது. ரெம் ஃபவுலருக்குப் படபடப்பு அடங்கவில்லை. நண்பர் ஒருவர் ஒரு கிளாஸ் பிராந்தியில் கொஞ்சம் பாலைக் கலந்து கொண்டுவந்து நீட்டினார். அதைக் குடித்த தெம்பில் வண்டியேறிய ஃபவுலருக்கு, பாதி வழியிலேயே போதும் போதும் என்றாகிவிட்டது. ஸ்பார்க் பிளக்கை மாற்ற இறங்கினார், பெல்ட்டை இறுக்க இறங்கினார். மணிக்கு 100 கிலோமீட்டரை நெருங்கிய வேகத்தில் டயர் வேறு வெடித்தது. இதோடு விட்டுவிடலாம் என்று நின்றவரிடம், அரை மணி நேர வித்தியாசத்தில் அவர்தான் முன்னிலையில் இருக்கிறார் என்று வேடிக்கை பார்க்க வந்த ஒருவர் சொன்னார். ஃபவுலர் மறுபடியும் கிளம்பி, ஜெயித்தார்.

அன்று 1907 மே 28. மேன் தீவில் நடந்த முதல் டூரிஸ்ட் டிராபி (டி.டி.) மோட்டார் சைக்கிள் பந்தயம் அது. இரட்டை சிலிண்டர் பிரிவில் வென்ற ஃபவுலரின் சராசரி வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர். இன்று ஸ்கூட்டியில் கல்லூரிக்குப் போகிறவர்கள் தொடும் வேகம்தான். ஆனால் அன்றைய சாலையில் தார் கிடையாது. புழுதி கிளம்பாமலிருக்கத் தெளித்த அமிலக் கரைசல் வீரர்களின் உடைகளை அரித்து ஓட்டை போட்டது. ஃபவுலர் ஓட்டியது பிரெஞ்சு பேஜோ எஞ்சின் பொருத்திய நார்ட்டன் வண்டி. அந்த நார்ட்டன் கம்பெனி கை மாறி, நொடித்து, கடைசியில் 2020 ஏப்ரலில் 1.6 கோடி பவுண்டுக்கு நம்ம ஓசூர் டி.வி.எஸ். மோட்டாரிடம் வந்து சேர்ந்தது.

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் கிடக்கும் இந்தச் சின்னத் தீவைத் தேடி ஏன் போனார்கள்? சட்டம்தான் காரணம். பிரிட்டனில் 1903-ஆம் ஆண்டுச் சட்டப்படி மோட்டார் வண்டிகள் மணிக்கு 20 மைலுக்கு மேல் போகக்கூடாது. பொதுச்சாலையை மூடிப் பந்தயம் நடத்தவும் நாடாளுமன்றம் இசையவில்லை. மேன் தீவுக்கோ டின்வால்ட் என்று சொந்தமாக ஒரு நாடாளுமன்றம் உண்டு. ஆட்டோமொபைல் கிளப்பின் செயலர் ஜூலியன் ஆர்ட் 1904-இல் அங்கே போய்ப் பேசினார். தீவின் ஆளுநர் ராக்லன் பிரபு அவருக்கு உறவுக்காரர். சாலையை மூடிக்கொள்ள அந்த ஆண்டே சட்டம் வந்துவிட்டது. கார்கள் முதலில் ஓடின; பைக்குகள் பின்னால் வந்தன, வந்தவை அங்கேயே தங்கிவிட்டன.

1911-இல் பந்தயம் மலைக்கு மாறியது. ஸ்னேஃபெல் மலையைச் சுற்றிவரும் அந்தப் பாதைதான் இன்றுவரை டி.டி.யின் களம். இப்போது ஒரு சுற்று 37.73 மைல், அதாவது 60 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கடலோரத்து டக்ளஸ் நகரில் தொடங்கி, ஊர்களுக்கும் வயல்களுக்கும் ஊடாகப் போய், ராம்சி ஊரைத் தாண்டி 400 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. அந்தக் காலத்தில் மலைமேல் இருந்தது மாட்டுவண்டித் தடம். ஆடுகள் தப்பாமலிருக்கக் குறுக்கே கதவுகள் வேறு. காலைப் பயிற்சிக்கு முதலில் போகிறவர் அவற்றைத் திறந்துவிட்டுப் போக வேண்டும், கடைசியாக வருகிறவர் சாத்திவிட்டு வர வேண்டும் என்று ஒரு கதை உண்டு.

அதே 1911 ஜூனில், பயிற்சியின்போது, க்ளென் ஹெலன் என்ற இடத்தில் விக்டர் சர்ரிட்ஜ் என்ற இளைஞர் விழுந்து இறந்தார். மலைப்பாதையின் முதல் சாவு. அன்று தொடங்கிய கணக்கு இப்போது 260-ஐத் தாண்டிவிட்டது. அதே பாதையில் நடக்கும் மேங்ஸ் கிராண்ட் பிரி பந்தயத்தையும் சேர்த்து.

இந்தச் சாவுகளைக் கண்டு முதலில் யோசித்தவர் ஒரு மருத்துவர். லண்டனை அடுத்த புரூக்லேண்ட்ஸ் ஓடுதளத்தில் பணியாற்றிய எரிக் கார்ட்னரிடம் இரண்டு வாரத்துக்கு ஒருவராவது மண்டை அடிபட்டு வந்துகொண்டிருந்தார்கள். கிழக்கு லண்டனில் மாஸ் என்ற தொழிலாளியைப் பிடித்து, கான்வாஸ் துணியில் அரக்கு ஏற்றிக் கெட்டியான குல்லாய் செய்யச் சொன்னார் கார்ட்னர். பலத்த அடியைத் தாங்கவும் வேண்டும், எதிலாவது மோதினால் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போகவும் வேண்டும் என்பது அவர் கணக்கு. பந்தயங்களை நடத்திய ஆட்டோ சைக்கிள் யூனியன் முதலில் கண்டித்தது, பிறகு மனம் மாறி 1914 டி.டி.யில் அதைக் கட்டாயமாக்கியது. வீரர்கள் முணுமுணுத்தார்கள். கார்ட்னர் 94 குல்லாய்களோடு தீவில் போய் இறங்கினார். கதவில் இடித்துக்கொண்ட ஒரு வீரர் அந்தக் குல்லாயால் பிழைத்தார். பந்தயம் முடிந்தபின் தீவின் மருத்துவ அதிகாரி கார்ட்னருக்கு ஒரு கடிதம் எழுதினார்: வழக்கமாக டி.டி. முடிந்ததும் மூளை கலங்கிய சுவாரசியமான நோயாளிகள் பலர் வருவார்கள், இந்த ஆண்டு ஒருவர்கூட வரவில்லை. அதில் தொனிப்பது நிம்மதியா, தொழில் ஏமாற்றமா என்பது படிக்கிறவர் மனநிலையைப் பொறுத்தது.

உயிரோடு விளையாடும் பைத்தியக்காரத்தனம் என்று ஏச்சு வாங்கிய பந்தயம் 1914-லேயே தலைக்கு வழி செய்துகொண்டது. அலுவலகத்துக்கும் சந்தைக்கும் பைக்கில் போன சாதாரண ஆள் வெறுந்தலையோடு போய்க்கொண்டேயிருந்தார். இடையில் 1935 மே மாதம், 'அரேபிய லாரன்ஸ்' என்று உலகம் அறிந்த டி.இ. லாரன்ஸ், டார்செட் கிராமச்சாலையில் சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள்மீது மோதாமலிருக்கத் தன் பிரஃப் சுப்பீரியர் பைக்கை ஒடித்துத் திருப்பி, தூக்கியெறியப்பட்டார். ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைப் பார்க்க வரவழைக்கப்பட்ட மருத்துவர்களில் ஒருவர் மூளை அறுவை நிபுணர் ஹ்யூ கெய்ர்ன்ஸ். அவர் 1941-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்கு முந்தைய 21 மாதங்களில் பிரிட்டனில் பைக் விபத்தில் இறந்தவர்கள் 1,884 பேர். தொடங்கியபின் வந்த 21 மாதங்களில் 2,279 பேர். பெட்ரோலுக்கு ரேஷன் வந்த பிறகும் எண்ணிக்கை ஏறியது. ஹெல்மெட்டோடு அடிபட்டவர்களாக அவர் பார்த்தது ஏழே பேர், எல்லாரும் பிழைத்தார்கள். அந்த நவம்பரிலேயே ராணுவம் தன் பைக் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பிரிட்டனின் பொதுச்சாலைக்கு அந்தச் சட்டம் வர 1973 ஆனது. பந்தயக்காரர்களுக்கும் பொதுஜனத்துக்கும் நடுவே 59 ஆண்டு இடைவெளி.

ஆனால் தலையைக் காப்பாற்றினால் மட்டும் போதுமா? 1927-இல் ஆர்ச்சி பர்கின் காலைப் பயிற்சியில் கிர்க் மைக்கேல் ஊருக்குள் வேகமாக வந்தார். எதிரே ஒரு மீன் வண்டி. பயிற்சி நேரத்தில் அப்போது சாலையை மூடுவதில்லை. மீன்காரர் தன் பிழைப்பைப் பார்க்க வந்தவர். வண்டியைத் தவிர்க்கப்போய் பர்கின் இறந்தார். அடுத்த ஆண்டிலிருந்துதான் பயிற்சிக்கும் சாலையை மூடினார்கள். அந்த வளைவுக்கு இன்று அவர் பெயர். ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு சவப்பெட்டி இருப்பது டி.டி. வரலாற்றில் அடிக்கடி காணும் காட்சி.

பாதுகாப்பு கூடக்கூட வேகமும் கூடியது. நல்ல டயர், நல்ல பிரேக், செப்பனிட்ட சாலை எல்லாம் வந்ததும் யாரும் பழைய வேகத்தில் பத்திரமாக ஓட்டவில்லை. புது வேகத்தில் பழைய ஆபத்தோடுதான் ஓட்டினார்கள். 1957-இல் ஸ்காட்லாந்தின் பாப் மெக்கின்டைர் ஒரு சுற்றை 100 மைல் சராசரியில் முதன்முதலாக முடித்தார். 2023-இல் பீட்டர் ஹிக்மன் அதை 136.358 மைலாக்கினார், கிட்டத்தட்ட 219 கிலோமீட்டர். இது சராசரி என்பதை நினைவில் கொள்ள வேண்டும். டக்ளஸின் பிரே ஹில் இறக்கம் இரண்டு பக்கமும் வீடுகள் நிறைந்த தெரு. அதில் 250 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வண்டி இறங்குகிறது. பலாஃப் பாலத்தில் இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்பும். ஓரத்தில் கல்மதில், விளக்குக் கம்பம், நடைபாதை விளிம்பு, மதுக்கடைச் சுவர். வீரர்கள் பத்து விநாடி இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராகக் கிளம்புவதால் போட்டி கடிகாரத்தோடுதான். இருநூற்றுச் சொச்சம் வளைவுகளும் மனப்பாடமாக இருக்க வேண்டும். அடுத்த வளைவு இடமா வலமா என்று யோசிக்க அங்கே நேரமில்லை. ஆண்டுக்கணக்கில் படித்த ஒரு பாதையைப் பிசகில்லாமல் ஒப்பிக்கும் அந்தப் பதினாறு பதினேழு நிமிடம் கொடுக்கும் கிறக்கத்தை வெறும் துணிச்சல் என்று ஒதுக்க முடியாது. அது ஒரு தேர்ச்சி. தவறினால் திருத்திக்கொள்ள இடம் தராத தேர்ச்சி.

கம்பெனிகளுக்கு இந்த ஆபத்தே விளம்பரமானது. டி.டி.யில் ஓடப்போகிறோம் என்று சோயிச்சிரோ ஹோண்டா 1954-இல் அறிவித்தபோது அவருடைய கம்பெனியை ஜப்பானுக்கு வெளியே அறிந்தவர்கள் குறைவு. 1959-இல் முதன்முறை வந்தார்கள். 1961-இல் 125 சிசி, 250 சிசி இரண்டிலும் முதல் ஐந்து இடங்களை அள்ளினார்கள். ஆபத்து எல்லாருக்கும் ஒரே அளவுகோலில் எடைபோடப்படவுமில்லை. 1962-இல் பெரில் ஸ்வெய்ன் 50 சிசி பிரிவில் ஓட்டி 22-ஆவதாக வந்தார். டி.டி.யின் இரண்டு சக்கரப் பந்தயத்தில் தனியாக ஓடிய முதல் பெண். அடுத்து அவர் உரிமமே பறிபோனது. ஆண்கள் ஆண்டுதோறும் செத்துக்கொண்டிருந்த பாதையில், ஒரு பெண் பத்திரமாகத் திரும்பி வந்ததுதான் அதிகாரிகளுக்குக் கவலையாகிவிட்டது.

எதிர்ப்பு உள்ளிருந்தே வந்தது 1972-இல். மழையில் நடந்த 125 சிசி பந்தயத்தில் இத்தாலியின் கில்பெர்த்தோ பர்லோத்தி இறந்தார். அவருடைய நண்பர், பத்து முறை டி.டி. வென்ற ஜாகோமோ அகோஸ்தினி, இனி இங்கே ஓட்டமாட்டேன் என்று அறிவித்துவிட்டு அப்படியே இருந்துவிட்டார். பெரிய பெயர்கள் ஒவ்வொன்றாக விலகின. 1976-க்குப் பிறகு டி.டி. உலக சாம்பியன்ஷிப்பில் இல்லை. பந்தயம் அத்தோடு ஓய்ந்துவிடும் என்றே பலர் நினைத்தார்கள். இரண்டே ஆண்டில், பதினோரு வருடம் தீவுப்பக்கமே பந்தயம் ஓட்டாத மைக் ஹெயில்வுட் 38 வயதில் ஒரு டுக்காட்டியில் வந்து ஜெயித்தார். அடுத்த ஆண்டும் வந்து, 14-ஆவது வெற்றியோடு ஒதுங்கினார். 1981-இல், பிள்ளைகளோடு மீன் வறுவல் வாங்கக் காரில் போனபோது, திரும்பக்கூடாத இடத்தில் திரும்பிய லாரியில் மோதி அவரும் அவருடைய மகளும் இறந்தார்கள். டி.டி. ரசிகர்கள் இந்தச் சம்பவத்தை அடிக்கடி எடுத்து வைப்பதுண்டு, எங்கே போனாலும் சாவு வரும் என்பதற்குச் சாட்சியாக. வாதம் அவ்வளவு நேர்மையானதல்ல. மீன் வறுவல் வாங்கப் போன லட்சம் பேரில் எத்தனை பேர் திரும்பவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

டன்லப் குடும்பத்தின் கதைக்கு அப்படி எந்த வாதமும் பொருந்தாது. வட அயர்லாந்தின் பாலிமனியில் மதுக்கடை நடத்திய ஜோயி டன்லப் 26 முறை டி.டி. வென்றவர். வேனில் உணவும் துணியும் ஏற்றிக்கொண்டு ருமேனியாவின் அனாதை இல்லங்களுக்குத் தானே ஓட்டிப்போனவர். 2000 ஜூலையில் எஸ்டோனியாவின் தாலினில், ஈரச்சாலைப் பந்தயத்தில் மரத்தில் மோதி இறந்தார். தம்பி ராபர்ட் 2008-இல் வட அயர்லாந்தின் நார்த் வெஸ்ட் 200 பயிற்சியில் இறந்தார். இரண்டு நாள் கழித்து அதே பந்தயத்தில் ராபர்ட்டின் மகன் மைக்கேல் ஓட்டி வென்றார். 2018-இல் மைக்கேலின் அண்ணன் வில்லியமும் அயர்லாந்தில் ஒரு சாலைப் பந்தயத்தில் போனார். 2024-இல் பெரியப்பாவின் 26 வெற்றிகளை மைக்கேல் தாண்டினார். அந்த வீட்டுப் பெண்கள் இதையெல்லாம் எந்தத் தராசில் நிறுத்துப் பார்த்தார்கள் என்று வெளியாள் யாரும் தீர்ப்புச் சொல்வது முறையாகாது.

2022 டி.டி. மிகக் கொடியதாக அமைந்தது. ஆறு பேர் பலி. சைடுகார் பிரிவில் ஒன்றாக ஓட்டிய ஒரு தகப்பனும் மகனும் அதில் அடக்கம். அதன் பிறகும் தீவு பந்தயத்தை நிறுத்தவில்லை.

இந்த எண்களை நம் பக்கம் திருப்பிப் பார்த்தால் சங்கடமாக இருக்கிறது. அதே 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த இருசக்கர வாகனக்காரர்கள் ஏறக்குறைய 75,000. நாளுக்கு இருநூறு பேருக்கும் மேல். மலைப்பாதை நூறாண்டுக்கும் மேலாகச் சேர்த்த கணக்கை நம் சாலைகள் ஒன்றரை நாளில் முடித்துவிடுகின்றன. இவர்களில் பெரும்பாலோர் எந்தக் கிறக்கத்தையும் தேடிப் போனவர்களல்ல. வேலைக்கும் பள்ளிக்கும் கல்யாணத்துக்கும் போனவர்கள். அந்த ஆண்டு ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,000-க்கும் மேல். 2015-இல் ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு வந்தபோது கடைகளில் தட்டுப்பாடு, விலை ஏற்றம். இன்றும் பெட்ரோல் டேங்கின்மேல் உட்கார்ந்து வரும் ஹெல்மெட், போலீஸ்காரர் கண்ணில் பட்டதும்தான் தலைக்கு ஏறுகிறது.

மேன் தீவும் தன் பார்வையாளர்களிடம் இதே சிக்கலில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. பந்தயங்களுக்கு நடுவே வரும் ஞாயிறன்று முன்பெல்லாம் வீரர்களுக்கு ஓய்வு. ஐரோப்பா முழுவதிலுமிருந்து வந்த ஆயிரக்கணக்கான ரசிகர்கள் தங்கள் பைக்கில் அதே பாதையில் இறங்குவார்கள். 'பைத்தியக்கார ஞாயிறு' என்றே அதற்குப் பெயர். ஊர்களுக்கு வெளியே பல சாலைகளில் தீவில் பொதுவான வேக வரம்பு கிடையாது. மூடிய சாலையில், மருத்துவ ஹெலிகாப்டர் காத்திருக்க ஓட்டிய வீரரைப் பார்த்துவிட்டு, எதிரே குடும்பத்தோடு கார் வரும் திறந்த சாலையில் அதையே செய்து பார்க்கிறார் வந்தவர். சறுக்கினால் அடிபடுவது அவர் மட்டுமல்ல. அதனால் டி.டி. நாட்களில் மலைச்சாலையை ராம்சியிலிருந்து டக்ளஸ் பக்கமாக ஒருவழிப் பாதையாக்கிவிடுகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் அந்த இரண்டு வாரமும் மலைக்கு எதிர்த்திசையில் போக வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.