மர அச்சிலிருந்து ஐசிங் கோடு வரை: வீட்டுக் கிறிஸ்துமஸ் குக்கீ உருவான கதை

1487ஆம் ஆண்டு, ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் தங்கியிருந்த பேரரசர் மூன்றாம் ஃபிரெடெரிக், நகரத்துக் குழந்தைகளை அழைத்து ஆளுக்கொரு லெப்கூகன் கொடுத்தார். தேனும் மசாலாவும் சேர்த்துச் சுட்ட அந்தப் பண்டத்தின் மேல் பேரரசரின் உருவமே பதிக்கப்பட்டிருந்தது. வந்த குழந்தைகள் சுமார் 4,000 பேர். அத்தனை பண்டங்களில் ஒரே முகத்தைத் தெளிவாகப் பதிப்பது வீட்டு அடுப்படியில் நடக்கிற காரியமல்ல. அதற்குத் தேர்ந்த அச்சுச் செதுக்குபவரும் பெரிய அடுப்பும் பயிற்சி பெற்ற கைகளும் வேண்டும்.

இன்று டிசம்பர் பிறந்தால் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் குழந்தைகள் சமையலறை மேசையைச் சுற்றி நின்று நட்சத்திரமும் மானும் வெட்டி, வண்ண ஐசிங் பூசுகிறார்கள். இதைத் தொன்மையான குடும்ப மரபு என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. பண்டம் பழையதுதான், ஆனால் சாதாரண வீடுகளில் அதைச் சுட்டு அலங்கரிக்கும் பழக்கம் பரவலானது 19ஆம் நூற்றாண்டில்தான். அதைப் பரப்பியதில் பக்திக்கு இருந்த பங்கைவிடச் சர்க்கரையின் விலைக்கும், மாவை உப்பவைக்கும் உப்புக்கும், வீட்டுக்குள் வந்த இரும்பு அடுப்புக்கும் இருந்த பங்கு பெரிது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நியூரம்பெர்க் இந்தப் பண்டத்தின் தலைநகரானதற்குக் காரணங்கள் தெளிவானவை. நகரைச் சூழ்ந்த பேரரசுக் காட்டில் தேனெடுப்பதற்கென்றே உரிமை பெற்ற ஒரு சமூகம் இருந்தது. சர்க்கரை அரிதாக இருந்த காலத்தில் தேன்தான் இனிப்பு. மறுபக்கம், நகரத்து வணிகர்கள் வெனிஸ் நகருக்குப் போய், ரியால்டோ பாலத்தருகே ஜெர்மன் வணிகர்களுக்கென இருந்த மாளிகையில் தங்கி, கீழைநாட்டுச் சரக்கு வாங்கி வந்தார்கள். மலபார் மிளகும் இஞ்சியும், இலங்கைப் பட்டையும், மொலுக்காஸ் தீவுகளின் கிராம்பும் கடலும் பாலையும் கடந்து, ஆல்ப்ஸ் மலையேறி, இந்த நகரத்து மாவில் கலந்தன. நியூரம்பெர்க்கில் லெப்கூகன் சுடுபவர் ஒருவரைப் பற்றிய ஆவணக் குறிப்பு 1395லேயே கிடைக்கிறது. 1643இல் அத்தொழிலாளர் தனிச் சங்கமாக அங்கீகாரம் பெற்றனர். இது கட்டுப்பாடு மிகுந்த, நகரச் சந்தையை நம்பிய தொழில்.

அக்காலத்து அலங்காரம் என்பது அச்சுதான். பேரிக்காய் மரம் போன்ற நெருக்கமான இழையுள்ள கட்டையில் உருவத்தைத் தலைகீழாகக் குடைவார்கள். போலந்தின் தோருன் நகரிலும் ஜெர்மானிய நகரங்களிலும் இத்தகைய அச்சுகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. குழந்தை இயேசு, புனிதர்கள், குதிரை வீரர், மணமக்கள் எனக் காலத்தின் முகங்களெல்லாம் அவற்றில் உண்டு.

இந்த முறை எவ்வளவு பொறுமை கேட்பது என்பதைத் தென்ஜெர்மனியின் ஷ்வாபியப் பகுதியில் இன்றும் சுடப்படும் ஷ்பிரிங்கர்லே காட்டிவிடும். முட்டையும் சர்க்கரையும் நெடுநேரம் அடித்து, மாவு சேர்த்துப் பிசைந்து, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குத் திரட்டுகிறார்கள். மாவு தூவிய மர அச்சை அதன்மேல் அழுத்தி எடுத்து, துண்டு துண்டாக வெட்டுகிறார்கள். உடனே சுடுவதில்லை. ஒரு இரவு, சில வீடுகளில் ஒரு நாள் முழுக்க, மூடாமல் உலரவிடுகிறார்கள். மேற்பரப்பு காய்ந்து தோல் கட்டிக்கொள்ளும். மிதமான சூட்டில் வைத்தால் மேலே இருக்கும் படம் வெண்மை மாறாமல் அப்படியே நிற்க, ஈரமான அடிப்பாகம் மட்டும் உப்பி எழுந்து, பண்டத்துக்குச் சிறு பாதம்போல் ஒரு விளிம்பு உண்டாகும். பாதம் வராத ஷ்பிரிங்கர்லேயைத் தேர்ந்த கைகள் ஏற்பதில்லை.

படத்தைக் காப்பாற்ற இத்தனை பாடு ஏன்? மாவு எல்லாப் பக்கமும் உப்பினால் புடைப்புக் கோடுகள் கலைந்துவிடும். பிற்காலத்தில் குக்கீயின் அலங்காரமே மாறியதற்கான திறவுகோல் இந்த எளிய பௌதிகத்தில் இருக்கிறது.

அந்த மாற்றத்தின் முதல் தடயம் அமெரிக்காவில் கிடைக்கிறது. 1796இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில் அமீலியா சிம்மன்ஸ் என்ற பெண், ‘அமெரிக்கன் குக்கரி’ என்ற சிறு நூலை வெளியிட்டார். அமெரிக்கர் ஒருவர் எழுதி அமெரிக்காவில் அச்சான முதல் சமையல் நூலாக அது மதிக்கப்படுகிறது. அதில் கிறிஸ்துமஸ் குக்கீக்கென்றே ஒரு குறிப்பு உண்டு. மூன்று பவுண்டு மாவு, ஒரு பவுண்டு வெண்ணெய், ஒன்றரை பவுண்டு சர்க்கரை. இவற்றோடு ஒரு தேநீர்க் கோப்பை நிறைய நன்கு பொடித்த கொத்தமல்லி விதை! சாம்பாருக்கும் ரசத்துக்கும் மல்லி வறுக்கும் நமக்கு இது வியப்பாக இருக்கலாம். அன்றைய ஆங்கில, டச்சு இனிப்புகளில் மல்லி விதை பழகிய வாசனைதான். முக்கால் அங்குலக் கனத்துக்குத் திரட்டி, விரும்பிய வடிவில் வெட்டியோ அச்சு அழுத்தியோ, பதினைந்து இருபது நிமிடம் மெல்லச் சுடச் சொல்கிறார் சிம்மன்ஸ். முதலில் கடினமாக இருக்கும். மண்பானையில் போட்டு நிலவறையில் வைத்தால் ஆறு மாதம் கழித்து மென்மையும் சுவையும் கூடும் என்றும் சொல்கிறார்.

அந்தக் குறிப்பின் மிக முக்கியமான சொல் மல்லி அல்ல, பேர்ல் ஆஷ். மரச்சாம்பலிலிருந்து காய்ச்சி எடுத்துச் சுத்திகரித்த காரம் அது. அதில் மூன்று தேக்கரண்டி எடுத்து, பாலில் கரைத்துச் சேர்க்கச் சொல்கிறார். அமெரிக்க அரசு 1790இல் வழங்கிய முதல் காப்புரிமையே பொட்டாஷும் பேர்ல் ஆஷும் தயாரிக்கும் புதிய முறைக்காக சாமுவேல் ஹாப்கின்ஸ் என்பவருக்குக் கிடைத்தது. ஐரோப்பாவில் லெப்கூகன் தொழிலாளர் இத்தகைய உப்புகளை ஏற்கெனவே அறிந்திருந்தார்கள். சங்கத்தாரின் கைத்திறனாக இருந்ததை எந்த வீட்டுப் பெண்ணும் படித்துச் செய்யும்படி அச்சில் கொடுத்தது சிம்மன்ஸின் நூல். அந்த வகையில் அதை ஒரு திருப்புமுனை என்றே கொள்ளலாம்.

மாவு எளிதாக உப்பத் தொடங்கியதும் புடைப்பு அச்சின் ஆட்சி தளர்ந்தது. கலைந்துபோகும் உள்கோடுகளை நம்பாமல், வெளிக்கோட்டை மட்டும் நம்பும் தகர அச்சு முன்னுக்கு வந்தது. பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியரிடையே தகர வேலை செய்பவர்கள் மிஞ்சிய தகரத்தை வளைத்து மான், குதிரை, பறவை, இதயம் என வெட்டச்சுகள் செய்தார்கள். மர அச்சுக்குச் சிற்பி வேண்டும். இதற்கு ஒரு கத்தரியும் பற்றவைப்பும் போதும். ஏழை வீட்டுக்கும் எட்டக்கூடிய விலை.

சர்க்கரை இன்னொரு பக்கம் மலிந்துகொண்டிருந்தது. பீட்ரூட் இனத்துக் கிழங்கில் இருப்பதும் கரும்புச் சர்க்கரையே என்று 1747இல் பெர்லினில் மார்க்கிராஃப் கண்டறிந்தார். அவருடைய மாணவர் ஆக்கார்டு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சைலீசியாவில் ஆலை அமைத்தார். நூற்றாண்டு முடிவதற்குள் சர்க்கரை ஐரோப்பியச் சாதாரண வீட்டின் அன்றாடப் பொருளாயிற்று. ஊர்ப்பொது அடுப்பையோ ரொட்டிக்கடை அடுப்பையோ எதிர்பார்த்திருந்த வீடுகளில் இரும்பு அடுப்பு வந்தது. 1891இல் பீலஃபெல்டு நகரத்து மருந்துக் கடைக்காரர் அகஸ்ட் ஓட்கர், ஒரு பவுண்டு மாவுக்குச் சரியாகப் போதுமான பேக்கிங் பவுடரைச் சிறு பொட்டலமாகக் கட்டி விற்கத் தொடங்கினார். அளவு தவறுமோ என்ற பயம் வீட்டுச் சமையலறையிலிருந்து விலகியது. ஒரு சிற்றூர் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் நாட்களில் விதவிதமாகக் குக்கீ சுட்டுத் தகர டப்பாக்களில் அடுக்க முடிந்தது இவையெல்லாம் சேர்ந்த பிறகுதான்.

வெட்டச்சு தந்தது வெறும் நிழலுருவம். கண்ணும் மூக்கும் சட்டைப் பொத்தானும் இல்லாத அந்த உருவத்துக்கு முகம் கொடுத்தது ஐசிங். முட்டை வெள்ளைக்கருவில் பொடித்த சர்க்கரையை அடித்துச் செய்யும் இக்கலவையின் நுட்பம் இளக்கத்தில் இருக்கிறது. கெட்டியான கலவையைக் கூம்புத்தாளில் நிரப்பி முதலில் ஓரக்கோடு இழுக்க வேண்டும். அதே கலவையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு இளக்கி, கோட்டுக்குள் ஊற்றிப் பரப்ப வேண்டும். கரண்டியிலிருந்து விழும் இழை பத்துப் பதினைந்து விநாடிகளில் கலந்து மறைந்தால் பதம் சரி. குமிழ்களை ஊசிமுனையால் உடைத்து, அடுத்த நிறம் பூசுமுன் காயவிட வேண்டும். அவசரப்பட்டால் சிவப்பு வெள்ளைக்குள் கசியும்.

சகோதரர் கிரிம் 1812இல் வெளியிட்ட தொகுப்பில் இடம்பெற்ற ஹான்சல், கிரெட்டல் கதை, தின்பண்டத்தால் ஆன வீட்டை ஜெர்மானியக் குழந்தைகளின் கனவாக்கியது. ஐசிங் பூசிய லெப்கூகன் வீடு கிறிஸ்துமஸ் மேசையில் ஏறியது. நோர்வேயின் பெர்கன் நகரில் 1991 முதல் ஆண்டுதோறும் இத்தகைய குட்டி வீடுகளைக் கொண்டு ஒரு நகரமே எழுப்புகிறார்கள். வட குரோஷியாவின் சிவப்பு இதய வடிவ லிட்சிடர் பண்டக் கைவினையை 2010இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளின் கதை வேறு வழியில் போயிற்று. மாவைச் சுடும் அடுப்பு வீட்டில் இல்லாததால் பண்டிகைப் பலகாரம் எண்ணெய்ச் சட்டியில் பிறந்தது: அச்சு முறுக்கு, கல்கல், முந்திரிக்கொத்து. நோர்வேயிலும் அச்சு முறுக்கைப் போலவே சூடான இரும்பு அச்சை மாவில் தோய்த்துப் பொரிக்கும் பூப்போன்ற பண்டம் கிறிஸ்துமஸ் பலகாரங்களில் ஒன்று என்பது ஒப்பீட்டு ஆய்வுக்குரிய செய்தி. சிம்மன்ஸ் எழுதி வைத்ததால்தான் கிறிஸ்துமஸ் குக்கீயில் மல்லி இருந்தது நமக்குத் தெரிகிறது. பாளையங்கோட்டை, நாகர்கோவில், யாழ்ப்பாண வீடுகளின் பழைய சமையல் குறிப்பேடுகளும் அச்சுகளும் கரையான் அரிக்கும் முன், அவற்றை வைத்திருப்போர் படமெடுத்துத் தேதியும் ஊரும் குறித்து நூலகங்களிடம் ஒப்படைக்க முன்வர வேண்டும்.