உடற்கூற்றுத் திசைச்சொற்கள்

உடற்பகுதிகளின் இருப்பிடத்தை ஐயமின்றிக் குறிக்கும் உடற்கூறியல் கலைச்சொற்கள்.

ஆள் நிமிர்ந்து நின்று, முகமும் உள்ளங்கைகளும் முன்நோக்கியிருப்பதே அடிப்படை நிலை. படுத்திருந்தாலும் கணக்கு மாறாது. இடமும் வலமும் நோயாளியுடையவை. புது மாணவர் தடுமாறுவது இங்கேதான். முன்–பின், மேல்–கீழ் எனச் சொற்கள் இணையாக வரும். அண்மை, சேய்மை பெரும்பாலும் கைகால்களுக்கு உரியவை: முழங்கை மணிக்கட்டைவிட அண்மையது, தோளைவிடச் சேய்மையது. விலங்குகளுக்கு முதுகுப்புறம், வயிற்றுப்புறம் என்பர். முத்துச்சிப்பியில் ஓடுகள் இணையும் கீல் முதுகுப்புறம்.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (1822–1884) உடற்கூறியலைத் தமிழிலேயே கற்பித்தார். அவரது ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல் வெளிவந்தது.